வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்

வாசகர் கேள்வி:

ஸ்காபரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் ஏழு வருடமாகப் பக்கிங் லைனில் வேலை செய்கிறேன். இருநூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். மார்ச் மாதம் பாண் தட்டுகளை மேலே தூக்கி அடுக்கும்போது வலது தோள் பிடித்துக்கொண்டது. தசைநார் கிழிந்திருப்பதாக ஸ்கானில் தெரிந்தது. மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு கம்பனி 'லைற் டியூட்டி' தருகிறோம் என்று கூப்பிட்டது. முதல் கிழமை லேபல் ஒட்டும் வேலை. இரண்டாம் கிழமை ஆள் காணாது என்று பழைய லைனிலேயே விட்டார்கள். வலி தாங்க முடியாமல் பத்து நாள் வீட்டில் நின்றுவிட்டேன். கம்பனி தந்த வேலை பொருத்தமானதுதான், அந்தப் பத்து நாளுக்கும் காசு இல்லை என்று இப்போது டபிள்யூ.எஸ்.ஐ.பி. (வேலையில் காயப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்கும் ஒன்ராறியோ மாகாணச் சபை) கடிதம் அனுப்பியிருக்கிறது. கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள். வருகிற வியாழக்கிழமை எச்.ஆர். கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களுக்கு யூனியன் இருக்கிறது. ஆனால் சம்பளத்தில் சந்தா வெட்டுவதைத் தவிர அவர்கள் எனக்கு எதுவும் செய்ததாக ஞாபகம் இல்லை. கூப்பிட்டால் பிரச்சினைக்காரி என்று பெயர் வருமோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வேறு இடம் பார் என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாட்கணக்கைப் பார்த்துவிடுவோம். டபிள்யூ.எஸ்.ஐ.பி. எடுக்கும் தீர்மானங்களில் பெரும்பாலானவற்றை எதிர்க்க ஆறு மாதம் தவணை உண்டு. வேலைக்குத் திரும்புவது பற்றிய தீர்மானங்களுக்கு மட்டும் 30 நாள்தான். உங்களுக்கு வந்திருப்பது அந்த வகைக் கடிதம். பன்னிரண்டு நாள் போய்விட்டது, பதினெட்டு நாள் மிச்சம். தீர்மானத்தை ஆட்சேபிக்கப் போகிறேன் என்று அறிவிப்பதற்கு ஒரு சின்னப் படிவம் இருக்கிறது. அதை இந்தக் கிழமையே நிரப்பி அனுப்பிவிடுங்கள். காரணங்களையும் ஆதாரங்களையும் பிறகு ஆறுதலாகச் சேர்க்கலாம். தவணை தப்பிப் போனால், நல்ல வழக்கைக்கூட நாங்கள் கெஞ்சித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அடுத்தது உங்கள் கேள்வி. யூனியனைக் கூப்பிடுங்கள். அதுவும் வியாழக்கிழமைக்கு முன்னமே கூப்பிடுங்கள். கூட்டம் முடிந்து, கையெழுத்தும் வைத்த பிறகு எங்களிடம் வருபவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் எங்களால் செய்யக்கூடியது பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நான் பதினெட்டு வருடமாகத் தொழிற்சங்கம் ஒன்றில் நட்டஈட்டுப் பிரதிநிதியாக இருக்கிறேன். காயப்பட்டவர்கள் திரும்ப வேலைக்குப் போகும்போது கம்பனியோடும் டபிள்யூ.எஸ்.ஐ.பி.யோடும் இருந்து பேசுவதுதான் என் வேலை. அந்தக் கூட்ட அறை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேசையின் ஒரு பக்கம் எச்.ஆர்., உங்கள் சுப்பவைசர், சில வேளை டபிள்யூ.எஸ்.ஐ.பி. அனுப்பும் வேலைக்குத் திரும்பல் நிபுணர். அவர்களுக்கு இது அடிக்கடி செய்கிற வேலை. மற்றப் பக்கம் நீங்கள் ஒருவர்தான், அதுவும் வலியோடு, இரண்டாம் மொழியில், 'இவள் வேலைக்குக் கள்ளம் செய்கிறாள்' என்று நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தோடு. 'பதினைந்து கிலோ தூக்க முடியுமா?' என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் மரியாதைக்கு 'முயற்சி செய்து பார்க்கிறேன்' என்பார்கள். அது தாளில் 'தொழிலாளி சம்மதித்தார்' என்று ஏறிவிடும். இதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

ஒரு கூட்டம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்களைப் போலவே தோளில் காயப்பட்ட ஒரு அம்மா, உணவு பொதி செய்யும் இடம். கம்பனி கொண்டுவந்த திட்டத்தில் 'ஐந்து கிலோவுக்கு மேல் தூக்குவதில்லை' என்று வடிவாக எழுதியிருந்தது. அந்த அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்த ஷிப்டில் வேலை செய்யும் எங்கள் ஸ்டூவர்ட், அதாவது வேலைத்தளத்தில் யூனியனின் பிரதிநிதி, மட்டும் எழுந்து வெளியே போனார். வேலைத்தளத்திலிருந்து நிரப்பிய தட்டு ஒன்றையும் ஒரு தராசையும் கொண்டுவந்து கூட்ட அறை மேசையில் வைத்தார். ஒன்பது கிலோவுக்கும் கொஞ்சம் மேலே காட்டியது. வெறும் தட்டின் நிறையைத்தான் இவ்வளவு காலமும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். யாரும் சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அந்த வேலை திட்டத்திலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான். எச்.ஆர். அலுவலகத்தில் இருப்பவருக்குத் தட்டின் நிறை தெரியாது, டபிள்யூ.எஸ்.ஐ.பி.யில் உங்கள் கோப்பைப் பார்ப்பவருக்கும் தெரியாது. அந்த லைனில் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும். யூனியன் அந்த அறைக்குள் கொண்டுவருவது அந்த அறிவைத்தான்.

சரி, உங்கள் விஷயத்தில் எங்கே பிழைத்தது? முதல் கிழமை லேபல், இரண்டாம் கிழமை பழைய லைன் என்கிறீர்கள். நீங்கள் கையெழுத்து வைத்த திட்டத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கடைசியில், 'தேவைப்படும்போது ஏனைய வேலைகளும்' என்ற கருத்தில் ஒரு வரி இருக்கும். மேலே எழுதிய எல்லாக் கட்டுப்பாட்டையும் அந்த ஒரு வரி இல்லாமல் செய்துவிடும். டபிள்யூ.எஸ்.ஐ.பி. வைத்திருப்பது அந்தத் தாளைத்தான். தாளில் லேபல் வேலை இருக்கிறது, ஆகவே வேலை பொருத்தமானது என்று முடிவுக்கு வந்திருப்பார்கள். இரண்டாம் கிழமை உங்களை எங்கே விட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கிழமையின் ஷிப்ட் அட்டவணை, உங்களோடு லைனில் நின்றவர்களின் சொல், நீங்கள் சுப்பவைசரிடம் வலி என்று சொன்ன நாள், இவைதான் உங்கள் பத்து நாள் காசுக்கான ஆதாரம். அட்டவணையை நீங்கள் போய்க் கேட்டால் ஏன் என்று திருப்பிக் கேட்பார்கள். யூனியன் கேட்டால் கொடுப்பார்கள்.

பொருத்தமான வேலை என்றால் என்ன என்பதை டபிள்யூ.எஸ்.ஐ.பி.யே தன் கொள்கையில் எழுதி வைத்திருக்கிறது. அது பாதுகாப்பானதாக இருக்க வேண்டும், உங்கள் உடல் இயலுமைக்குள் அடங்க வேண்டும், கம்பனிக்குப் பயனுள்ள உண்மையான வேலையாக இருக்க வேண்டும், முடிந்தவரை பழைய வருமானத்தைத் திருப்பித் தர வேண்டும். சாப்பாட்டு அறையில் கதிரை போட்டு எட்டு மணித்தியாலம் சும்மா இருத்தி வைப்பது அந்தக் கணக்கில் வராது. காயப்பட்ட மனிதரைக் காட்சிப்பொருளாக வைத்து, வெட்கத்தில் தானாகவே வேலையை விட்டுவிட வைக்கிற வேலை அது. எனக்கு இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வரும்.

இனி வைத்தியரின் பக்கம். 'லைற் டியூட்டி' என்று இரண்டு சொல்லில் எழுதித் தரும் துண்டு யாருக்கும் உதவாது. அதை யாரும் எப்படியும் விளங்கிக்கொள்ளலாம். உடல் இயலுமைப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமைக்கு முன் உங்கள் குடும்ப வைத்தியரிடம் அதைக் கொண்டுபோங்கள். எத்தனை கிலோ, தோள் மட்டத்துக்கு மேலா கீழா, மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை கையை நீட்டலாம், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்யலாம் என்று இலக்கத்தோடு எழுதச் சொல்லுங்கள். வைத்தியருக்கு பாண் தொழிற்சாலை எப்படியிருக்கும் என்று தெரியாது. தட்டை எந்த உயரத்தில் அடுக்குகிறீர்கள் என்று கையை உயர்த்தியே காட்டுங்கள். உங்களுக்கு என்ன நோய் என்பது கம்பனிக்குப் போகும் பிரதியில் இருக்கத் தேவையில்லை. உங்களால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்பது மட்டும் போதும். 'என்ன மருந்து எடுக்கிறீர்கள்?' என்று எச்.ஆர். கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் ஸ்டூவர்ட் இருந்தால் அதை அவரே சொல்லிவிடுவார்.

பயத்துக்கு வருகிறேன். பிரச்சினைக்காரி என்ற பெயர். கம்பனி உங்களைக் கூப்பிட்டு வைத்திருப்பது இரக்கத்தால் மட்டும் அல்ல, அதை அறிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும். தொழிலாளர்கள் காயத்தால் வேலை இழக்கும் நாட்கள் கூடினால் கம்பனி கட்டும் காப்புறுதிக் கட்டணமும் கூடும். ஆகவே நீங்கள் திரும்பி வர வேண்டும் என்பது அவர்களுக்கும் தேவை. அதற்கு மேல் சட்டமும் இருக்கிறது. ஒன்ராறியோவின் வேலைத்தலப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, நீங்களும் கம்பனியும் தொடர்பு விடாமல் பேசி, பொருத்தமான வேலையைத் தேட ஒத்துழைக்க வேண்டும். 41ஆம் பிரிவு இன்னும் பலமானது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், காயப்படும்போது குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், உங்களைத் திரும்ப வேலைக்கு எடுப்பது கம்பனியின் கடமை. பொதுவாக அந்தக் கடமை காயப்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடம் வரை நிற்கும். பழைய வேலையின் முக்கியமான பகுதிகளைச் செய்ய உடல் தேறிவிட்டால் அன்றிலிருந்து ஒரு வருடம், அல்லது 65 வயது, இவற்றில் எது முந்துகிறதோ அது. திரும்ப எடுத்து ஆறு மாதத்துக்குள் வேலையால் நிறுத்தினால், கடமையை மீறியதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது கம்பனியின் பாடு. நீங்கள் ஏழு வருடம், இருநூறு பேர். இந்தச் சட்டம் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது.

இது யாரும் போட்ட பிச்சையும் இல்லை. 1913இல் வில்லியம் மெரடித் என்ற நீதியரசர் கொடுத்த அறிக்கையின்மேல், 1914இல் ஒன்ராறியோவில் நட்டஈட்டுச் சட்டம் வந்தது. காயப்பட்ட தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு, பிழை யாருடையது என்று பாராமல் நட்டஈடு கிடைக்கும் என்பதுதான் பேச்சு. நீங்கள் கம்பனியைக் கோட்டுக்கு இழுக்க முடியாது. அந்த விலையைத் தொழிலாளர்கள் நூறு வருடத்துக்கு முன்பே கொடுத்துவிட்டார்கள். ஆகவே மிச்சத்தைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மனித உரிமைச் சட்டமும் உங்களுக்குத் துணை. டபிள்யூ.எஸ்.ஐ.பி.யில் நட்டஈடு கோரிய காயம் எதுவும் அந்தச் சட்டத்தின்படி இயலாமை என்றே கணக்கு. அப்படியானால் அளவுக்கு மீறிய கஷ்டம் வரும் எல்லை வரைக்கும் கம்பனி உங்களுக்கு ஏற்ப வேலையை மாற்றித் தரவேண்டும். 'ஆள் காணாது' என்பது அந்த எல்லை அல்ல. யூனியனும் கம்பனியும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்றாலும் யூனியன் கிறீவன்ஸ் (ஒப்பந்தத்தை மீறியதாகக் கம்பனிமேல் முறைப்பாடு) போடலாம். மனித உரிமைச் சட்டத்தின் கடமைகள் ஒவ்வொரு கூட்டு ஒப்பந்தத்துக்குள்ளும் அடங்கியே இருக்கின்றன என்று கனடா உச்ச நீதிமன்றம் 2003இல் பாரி சவுண்ட் வழக்கில் சொல்லிவிட்டது. மகப்பேற்று விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய, இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்த ஒரு பெண்ணை நிறுத்திய வழக்கு அது. கிறீவன்ஸ் போடுவதற்கான நாட்கள் மட்டும் சில ஒப்பந்தங்களில் மிகக் குறைவு. வெளியே வழக்கறிஞரைத் தேடி அலைந்துவிட்டு யூனியனிடம் வந்தால் அந்த நாட்கள் போயிருக்கும்.

ஆனால் யூனியனைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். காயப்பட்டவருக்கு இலகுவான வேலை கொடுத்தால், அந்த வேலையைச் சேவை மூப்பின்படி எதிர்பார்த்துக்கொண்டிருந்த வேறொருவர் பின்னுக்குப் போவார். உங்கள் பாரத்தை லைனில் மற்றவர்கள் சுமப்பார்கள். 'அவளுக்கு மட்டும் ஏன்?' என்ற கதை லொக்கர் அறையில் தொடங்கும். உங்களுக்கு எதிராகக் கதைப்பவரும் சந்தா கட்டுபவர்தான். இந்த இடத்தில் சில யூனியன்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடும். அப்படி இருக்க முடியாது என்று 1992இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவாளராக வேலை செய்த லாரி ரெனோ, தன் மதத்தின்படி வெள்ளி மாலையில் வேலை செய்ய மாட்டார். பள்ளிச் சபை ஷிப்டை மாற்றிக் கொடுக்கத் தயாராக இருந்தது. தடுத்தது யூனியன், ஒப்பந்தத்தைக் காட்டித் தடுத்தது. கடைசியில் அவருக்கு வேலை போனது. வேலையை மாற்றி அமைத்துக் கொடுக்கும் கடமை யூனியனுக்கும் உண்டு என்று நீதிமன்றம் தீர்த்தது. எங்கள் பயிற்சி வகுப்புகளில் இந்த வழக்கை நான் ஒவ்வொரு முறையும் சொல்வேன், எங்கள் பக்கத்துப் பிழையை நாங்கள்தான் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

நல்ல ஸ்டூவர்ட் ஒருவர் இதைக் கூட்டத்தில் மட்டும் செய்துவிட்டுப் போக மாட்டார். நீங்கள் திரும்பி வருவதற்கு முதல் நாளே லைனில் நிற்பவர்களோடு கதைப்பார். உங்கள் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், 'ஆறு கிழமைக்கு இவர் மேல் அடுக்குத் தூக்க மாட்டார், அதற்கு இன்னொரு ஆள் தரும்படி கேட்டிருக்கிறோம், தராவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்' என்று சொல்வார். இதைக் கம்பனி சொன்னால் சகதொழிலாளர்கள் நம்ப மாட்டார்கள். நீங்கள் சொன்னால் சாட்டுப் போக்குப் போலத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள வேலைத்தலத்தில் கூட்டுச் சுகாதாரப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். தொழிலாளர் பக்கப் பிரதிநிதிகளை யூனியன் தெரிவு செய்யும். அந்த அடுக்கின் உயரம் உங்கள் தோளைக் கெடுத்தது என்றால், அடுத்த தோளும் கெடும். நீங்கள் குணமாகித் திரும்பிப் போகும் இடம் அதே உயரத்தில் இருந்தால் பிசியோதெரபி செய்து என்ன பலன்? இதையும் குழுவில் எழுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் ஸ்டூவர்ட் சுப்பவைசரின் ஆள், அவரிடம் போய்ப் பலனில்லை என்று தோன்றினால் அதோடு நிற்காதீர்கள். யூனியன் லோக்கல் (உள்ளூர்க் கிளை) அலுவலகத்துக்கு அழைத்து, நட்டஈட்டுப் பிரதிநிதி யார் என்று கேளுங்கள். பல யூனியன்களில் இதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்ராறியோ தொழிலாளர் சம்மேளனம் இதற்குத் தனியாக வகுப்பே நடத்துகிறது. கேட்டதை மின்னஞ்சலிலும் எழுதி வையுங்கள். உறுப்பினரை ஏனோதானோ என்றோ, பாகுபாட்டோடோ, கெட்ட எண்ணத்தோடோ நடத்தக் கூடாது என்று தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 74ஆம் பிரிவு யூனியனைக் கட்டுப்படுத்துகிறது. அதை மீறினால் ஒன்ராறியோ தொழிலாளர் உறவுச் சபையில் முறையிடலாம். அது கடைசி வழி. பெரும்பாலும் லோக்கல் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும்.

யூனியன் இல்லாத இடத்தில் வேலை செய்யும் வாசகர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு ஒன்ராறியோ அரசின் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவும். யூனியன் உள்ளவர்களை அவர்கள் எடுக்க மாட்டார்கள், அவர்களுக்கு யூனியன்தான்.

கணவர் சொல்வது எனக்கு விளங்குகிறது. உங்கள் முகத்தைத் தினமும் பார்ப்பவர் அவர். ஆனாலும் இப்போது வேலையை விடாதீர்கள். விட்டால் கம்பனியின் 41ஆம் பிரிவுக் கடமை உங்களைப் பொறுத்தவரை முடிந்த கதை. பிறகு நீங்கள் இழக்கும் சம்பளம் காயத்தாலா, நீங்களாக விட்டதாலா என்று டபிள்யூ.எஸ்.ஐ.பி. கேட்கும். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழைய வேலைத்தலத்தோடு தொடர்பு அறுந்தவரைப் பார்த்து, 'நீங்கள் இன்ன வேலை செய்து இவ்வளவு உழைக்கலாம்' என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை நட்டஈட்டிலிருந்து கழிப்பார்கள். அந்த வேலை உங்களுக்கு உண்மையில் கிடைத்ததா இல்லையா என்பது வேறு விஷயம். காயப்பட்ட தொழிலாளர்கள் பல வருடமாகப் போராடிவருவது இந்த முறைக்கு எதிராகத்தான். ஏழு வருட சேவை மூப்பும் யூனியன் ஒப்பந்தமும் உள்ள ஒரு வேலை, கிழிந்த தோளோடு இன்னொரு இடத்தில் புதிதாகக் கிடைக்காது.

அதே மாதிரி, வேலையைச் செய்ய மாட்டேன் என்று தனியாக மறுத்துவிட்டு வீட்டில் நிற்பதும் இனி வேண்டாம். பொருத்தமான வேலையை மறுத்ததாக எழுதிவிட்டால் காசை வெட்ட அவர்களுக்கு அது போதும். தந்த வேலை உடலுக்கு ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே சுப்பவைசரிடம் சொல்லுங்கள், ஸ்டூவர்டைக் கூப்பிடுங்கள், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். நேரத்தையும் நீங்கள் சொன்னதையும் கொப்பியில் எழுதி வையுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. டபிள்யூ.எஸ்.ஐ.பி.யோடு பேசும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் காசு எடுக்க மாட்டார்கள். உங்கள் மகளையோ மகனையோ மொழிபெயர்ப்பாளராகக் கொண்டுபோகாதீர்கள். அம்மாவின் வலியைப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லிப் பேரம் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைக்கு அது பாரம்.

வியாழக்கிழமை என்ன கேட்க வேண்டும்? பழைய லைனில் விடுவதில்லை என்பது திட்டத்தில் எழுத்தில் வர வேண்டும். 'ஏனைய வேலைகளும்' என்ற வரியை வெட்ட வேண்டும். நேரத்தைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லுங்கள், நாலு மணித்தியாலத்தில் தொடங்கி இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பார்த்துக் கூட்டலாம். நேரம் குறைவதால் சம்பளமும் குறைந்தால், அந்த இடைவெளிக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி.யிடம் நட்டஈடு கோரலாம். மறுபடி பார்க்கும் திகதி திட்டத்திலேயே இருக்கட்டும், அந்த நாளுக்கும் ஸ்டூவர்ட் வர வேண்டும். கூட்டத்திலேயே கையெழுத்து வைக்கச் சொன்னால், 'யூனியனோடு வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்' என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்றைக்கு லோக்கல் அலுவலகத்துக்கு அழையுங்கள், நாளைக்கு வைத்தியர், ஆட்சேபனைப் படிவம் வெள்ளிக்கு முன் போகட்டும். அதன் பிரதி ஒன்றை நட்டஈட்டுப் பிரதிநிதியிடம் கொடுங்கள். அப்புறம், உங்கள் லைனில் நிற்கும் யாராவது ஒருவரிடம், நிரப்பிய தட்டு ஒன்றை நிறுத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.